கணினி எழுதும் மனக்கணிப்பு: அதன் மெய்ம்மை எவ்வளவு?

நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில், அம்பத்தூரில் வசிக்கும் அன்பர் ஒருவர் தம் மகனுடன் நம் இல்லம் வந்திருந்தார். தொழிற்பேட்டையில் சிறியதொரு லேத் பட்டறை வைத்து நடத்துபவர். மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தான். அன்பரின் கையில் பளபளக்கும் அட்டையுடன் முப்பத்திரண்டு பக்க வண்ண அறிக்கை ஒன்று இருந்தது. பள்ளியில் நடந்த வழிகாட்டு முகாம் ஒன்றில் மாணவனின் பத்து விரல்களின் ரேகைகளையும் பதிந்து, கூடவே சில பத்துக் கேள்விகளுக்கு விடை குறிக்கச் செய்து, கணினி வாயிலாகத் தயாரித்து வழங்கியதாம். கட்டணம் நான்காயிரம் ரூபாய்.

"ஹஜ்ரத், இவனுக்குக் கணக்கு வராதுன்னு கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு. டிப்ளமோ மெக்கானிக்கல்ல சேர்க்கலாம்னு இருந்தோம். இப்ப என்ன செய்யறதுன்னு தெரியல" என்றார் அன்பர். பையனோ தலை நிமிரவில்லை. எட்டாம் வகுப்பு முதலே பட்டறையில் வெர்னியர் பிடித்து அளவெடுக்கும் பிள்ளை அவன்; அரையாண்டுத் தேர்வில் கணிதத்தில் 84 மதிப்பெண் வாங்கியிருந்தான். தந்தையைவிட அவனே அறிக்கையை முழுவதும் நம்பிவிட்டான் என்பதை அவனது முகம் காட்டிற்று. நம்மைத் துணுக்குறச் செய்தது அதுவே.

உளவியல் நம் துறையன்று. எனினும் அன்பருக்கு ஏதேனும் மறுமொழி கூறவேண்டிய கடப்பாடு ஏற்பட்டமையால், இத்துறை நூல்கள் சிலவற்றைத் தேடிப் படித்தோம். மருத்துவ உளவியல் பயின்ற நண்பர் ஒருவரிடம் ஐயங்களைத் தெளிவுபடுத்திக்கொண்டோம். அவ்வாறு அறிந்தவற்றை இங்கு வாசகர்முன் வைக்கிறோம்.

முதலில் இரண்டு செயல்களைப் பிரித்துணர வேண்டும். விடைகளை எண்ணுதல் ஒன்று. எண்ணிக் கிடைத்த தொகைக்குப் பொருள் கூறுதல் மற்றொன்று. முன்னதில் கணினியை மிஞ்ச ஆளில்லை. ஐந்நூறு விடைகளைக் கையால் கூட்டும் எழுத்தர் எங்கேனும் தவறுவார், கணினி தவறாது. பின்னதோ கணக்கு அன்று, கருத்து. இந்தத் தொகை வந்தால் இந்த வாக்கியத்தை அச்சிடுக என்று முன்னரே ஒருவர் எழுதிவைத்த விதியையே கணினி நிறைவேற்றுகிறது. கூட்டல் சரியாக இருப்பதைக் கண்டு கருத்தும் சரியாக இருக்கும் என மயங்குவதே இங்கு நிகழும் முதல் பிழை.

இக்கலையின் வரலாறு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் தொடங்குகிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஸ்டார்க் ஹாத்தவே என்னும் உளவியலாளரும் ஜே.சி. மெக்கின்லி என்னும் மருத்துவரும் உருவாக்கிய பன்முக ஆளுமை வினாநிரல் 1943இல் வெளிவந்தது. எம்.எம்.பி.ஐ. என்ற சுருக்கப் பெயரால் உலகெங்கும் அறியப்படுவது இதுவே. தம்மைப் பற்றிய 550 கூற்றுகளுக்கு ஆம், இல்லை என ஒருவர் விடையளிப்பார். மனச்சோர்வு, ஐயுறவு முதலிய அளவுகோல்களில் விடைகள் கூட்டப்படும். கிடைத்த தொகை பிறருடைய தொகையோடு ஒப்பிடப்படும். சராசரி 50 என்றும், 70ஐ எட்டினால் கவனத்திற்குரியது என்றும் கொண்டனர். ஒப்பீட்டுக்கு அடிப்படையாக அமைந்தவர்கள் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு நோயாளிகளைக் காண வந்த உறவினரும் நண்பருமான 724 பேர். பெரும்பாலும் வெள்ளையர், சராசரியாக எட்டாண்டுப் பள்ளிக்கல்வி பெற்றோர். 1989இல் திருத்திய பதிப்பு வரும்வரை, உலகின் எந்த மூலையில் ஒருவர் இச்சோதனையை எழுதினாலும் அவர் பொதுவாக அந்த 724 பேருடன்தான் ஒப்பிடப்பட்டார்.

1960களின் தொடக்கத்தில் அதே மாநிலத்திலுள்ள மேயோ மருத்துவமனை இச்சோதனைக்குக் கணினி வழியே விளக்கம் எழுதும் முறையைக் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கில் வரும் நோயாளிகளுள் யாருக்கு மனநல மருத்துவரின் கவனம் தேவை என்று விரைந்து அறிய வேண்டியிருந்தது, உளவியலாளரோ சிலரே. ஆகவே இன்ன அளவுகோல் இன்ன எல்லையைக் கடந்தால் இன்ன வாக்கியம் என்று வாக்கியக் களஞ்சியம் ஒன்றை அமைத்தனர். மருத்துவருக்கு ஒரு முன்குறிப்பு, அவ்வளவே அதன் நோக்கம். சிறிது காலத்தில் அலபாமா பல்கலைக்கழகத்தின் ரேமண்ட் பௌலர் நோயாளியின் வரலாறு போலத் தொடர்ந்து படிக்கத்தக்க நீண்ட அறிக்கைகளை எழுதும் நிரலை உருவாக்கினார்; அது வணிக அடிப்படையில் நாடெங்கும் பரவியது. நடை சீர்பட்டது. சீர்பட்ட நடையே நம்பிக்கையையும் வளர்த்தது.

கணினி அறிக்கையை விற்போர் பால் மீல் என்னும் அறிஞரின் பெயரைத் துணைக்கழைப்பதுண்டு. மனிதரைக் கணிப்பதில் அனுபவமிக்க மருத்துவரின் ஊகமா, புள்ளியியல் சூத்திரமா, எது துல்லியமானது என்று 1954இல் தம் நூலில் ஆராய்ந்த அவர், சூத்திரம் மருத்துவருக்குச் சமமாகவோ அவரைவிடச் சிறப்பாகவோ இருப்பதைக் கண்டார். 2000ஆம் ஆண்டில் வில்லியம் குரோவ் முதலியோர் 136 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோதும் சூத்திரமே சராசரியாகப் பத்து விழுக்காடு அளவில் முந்தியிருந்தது. மனித ஊகத்தை அளவுகடந்து போற்றும் நம் போன்றோர் மறுக்காது ஏற்கவேண்டிய உண்மை இது.

ஆனால் மீல் பேசியது வேறு பொருள் பற்றி. இத்தனை பேரை முன்பு சோதித்தோம், பின்னர் அவர்களுள் இத்தனை பேருக்கு இன்னது நேர்ந்தது என்று விளைவோடு சரிபார்க்கப்பட்ட சூத்திரமே அவர் கருதியது. சந்தையில் கிடைக்கும் அறிக்கைகளுள் பெரும்பாலானவற்றின் வாக்கியங்கள் அவ்வாறு விளைவோடு ஒப்பிட்டுத் தேர்ந்தவை அல்ல. ஓர் உளவியலாளரின் கருத்தும் அனுபவமும் நிரலாக்கப்பட்டவையே அவை. எவருடைய ஊகத்தைவிடச் சூத்திரம் மேலானது என்று மீல் சொன்னாரோ, அந்த ஊகமே கணினியின் உடையணிந்து வந்து சூத்திரத்தின் மரியாதையைப் பெற்றுக்கொள்கிறது! இதுபற்றி ஜோசப் மாட்டரஸ்ஸோ என்னும் மூத்த உளவியலாளர் 1986இல் கடுமையாக எழுதினார். இவ்வறிக்கைகள் மெய்ப்பிக்கப்படாதவை, சராசரி மனிதனைப் பற்றிப் பேசுகின்றனவேயன்றி, எதிரிலிருக்கும் இந்த ஒருவர் அச்சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கக்கூடும் என்பதைச் சொல்வதில்லை என்பது அவரது குற்றச்சாட்டின் சாரம். பௌலர் உள்ளிட்டோர் மறுப்பெழுதினர். அமெரிக்க உளவியல் கழகம் அவ்வாண்டிலேயே இத்துறைக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பின்னர் 1991இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரே நோயாளிகளின் விடைகளுக்கு ஏழு நிறுவனங்களின் நிரல்கள் எழுதிய விளக்கங்களை ஒப்பிட்டது. பொருத்தத்தில் அவை ஒன்றுக்கொன்று வேறுபட்டு நின்றன. விடைகளும் கூட்டல்களும் ஒன்றே, தீர்ப்போ பலவாறு.

"ஆனால் ஹஜ்ரத், மத்ததெல்லாம் இவனைப் பத்திக் கரெக்டா எழுதியிருக்கே!" என்று அன்பர் வியந்தார். இவ்வியப்பைப் பற்றியும் உளவியலார் ஆராய்ந்திருக்கின்றனர். பெர்ட்ரம் ஃபோரர் என்பவர் 1948இல் தம் மாணவர் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை ஒன்றை நடத்தி, தனித்தனி அறிக்கைகள் எனச் சொல்லிக் கொடுத்தார். ஐந்து மதிப்பெண்ணுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டபோது சராசரியாக 4.26 கிடைத்தது. உண்மையில் அனைவருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள். பெரும்பகுதி கடைத்தெருவில் வாங்கிய சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. 1972இல் ஓடெல் என்பவர் இன்னும் ஒருபடி சென்றார். காட்டல் வகுத்த பதினாறு பண்புக்கூறுகள் சோதனைக்குக் கணினி எழுதிய மெய்யான அறிக்கையையும், யாருக்கும் பொருந்தும் பொதுவாக்கியங்களைக் கோத்த போலி அறிக்கையையும் மாணவரிடம் கொடுத்தார். போலியே தம்மைத் துல்லியமாகக் காட்டுவதாக அவர்கள் மதிப்பிட்டனர். ஆகவே, 'எனக்குப் பொருந்துகிறது' என்று சோதிக்கப்பட்டவர் கூறுவது அறிக்கை மெய்யென்பதற்குச் சான்றாகாது. இவருடைய அறிக்கையைப் பிறருடையவற்றோடு கலந்து வைத்தால், இவரை நன்கறிந்தோர் இவருடையதைத் தேர்ந்தெடுக்க இயலுமா என்பதே உரிய சோதனை.

நாமும் சிறியதொரு சோதனை செய்து பார்த்தோம். பையனின் பெயரை மறைத்து, அறிக்கையின் நான்காம் பக்கத்தைப் படியெடுத்து, கல்லூரியில் தேநீர் வேளையில் சக ஆசிரியர்களிடம் தனித்தனியே கொடுத்தோம். வெளியே அமைதியாகத் தோன்றினாலும் உள்ளுக்குள் கவலைப்படுபவர், பாராட்டினால் சிறப்பாகச் செயற்படுபவர் என்ற போக்கில் அமைந்த பக்கம் அது. அறுபது வயதை நெருங்கும் ஹதீஸ் ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, "நம்மைப் பற்றி யாரிடம் விசாரித்தீர்கள்?" என்று கேட்டார்.

ஒப்பீட்டு மாதிரி பற்றி மேலே கூறினோம். நம்மவர்க்கு இது வெறும் நுட்பச் செய்தியன்று. பழைய எம்.எம்.பி.ஐ. வினாநிரலில் இயேசுவின் மீள்வருகையை நம்புகிறீரா என்னும் பொருள்பட ஒரு கூற்று இருந்தது. ஈசா (அலை) அவர்கள் மீண்டும் இறங்கிவருவார்கள் என்று நம்பும் முஸ்லிம் ஒருவர் அதற்கு ஆம் என்பதா, இல்லை என்பதா? ஆம் எனில் கிறிஸ்தவராக எண்ணப்படுவார்; இல்லை எனில் தம் அகீதாவையே மறுத்தவராவார். கணினிக்கு அத்தயக்கம் தெரியாது. அமெரிக்கச் சிறார் விளையாடும் கைக்குட்டை விளையாட்டைப் பற்றிய கூற்றும் அதில் உண்டு. 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் இத்தகையவற்றை நீக்கினர். தீய ஆவிகள் தம்மைப் பீடிப்பதுண்டா என்பது மற்றொரு கூற்று. ஜின்களைப் பற்றிய பேச்சு வீட்டுப் புழக்கத்தில் உள்ள ஊரில் வளர்ந்த மூதாட்டி ஒருவர், உடல்நலமின்மைக்கும் மனக்கலக்கத்திற்கும் அம்மொழியையே கையாள்வார். அவருடைய ஆம் என்னும் விடையும், கல்வி கற்ற அமெரிக்கர் ஒருவரின் ஆம் என்னும் விடையும் நோயின் அறிகுறியாக ஒரே எடையுடையனவா? எதிரே அமர்ந்து கேட்கும் மருத்துவர் மேலும் இரண்டு வினாக்கள் கேட்டுத் தெளிவார். கணினி புள்ளியைக் கூட்டிவிட்டு அடுத்த கூற்றுக்குச் செல்லும். தமிழில் பெயர்த்துவிட்டால் மட்டும் இக்குறை நீங்காது. தமிழ் பேசுவோரிடையே நடத்தி, அவர்களுடைய தொகைகளைக் கொண்டே சராசரியை வகுத்திருக்க வேண்டும்.

இன்னொன்று வெறும் கணக்கு. வேலைக்கு ஆளெடுக்கும்போது ஆளுமைச் சோதனைகளை நிறுவனங்கள் கணினியில் நடத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. எடுத்துக்காட்டாக, 1000 பேர் விண்ணப்பிக்கின்றனர் எனவும், அவர்களுள் கடும் மனச்சோர்வு உள்ளோர் 20 பேர் எனவும் கொள்வோம். சோதனை மிக நல்லது. நோயுள்ளோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சரியாகப் பிடிக்கும், நோயற்றோரில் நூற்றுக்குப் பத்துப் பேரை மட்டுமே தவறாகச் சுட்டும் என்போம். அப்படியானால் 20 பேரில் 18 பேர் பிடிபடுவர். மீதி 980 பேரில் 98 பேர் தவறாகச் சுட்டப்படுவர். ஆக, கணினி சுட்டிய 116 பேரில் 98 பேர் நலமானவர்கள்! ஆனால் 116 பேருக்கும் அச்சாகும் வாக்கியம் ஒன்றே, உறுதியும் ஒன்றே. குறை எவ்வளவு அரிதோ அவ்வளவுக்குத் தவறான சுட்டுதல் மிகும். மீல் 1955இலேயே ரோசனுடன் இணைந்து இதை விளக்கிவிட்டார். தேர்வு அறையின் வெளியே நிற்கும் விண்ணப்பதாரர் அதை அறியமாட்டார்.

இவ்வளவும் முறையான சோதனைகளைப் பற்றியவை. பல்லாண்டு ஆய்வு அவற்றின் பின்னால் உண்டு. நல்ல நிறுவனங்கள் தம் அறிக்கையிலேயே இவை கருதுகோள்கள், தகுதிபெற்ற உளவியலாளர் நேரில் கண்டு உறுதிசெய்ய வேண்டும் என்று எச்சரிக்கின்றன. அம்பத்தூர்ப் பிள்ளையின் அறிக்கைக்கோ அந்த அடித்தளமும் இல்லை. அதில் விரல்ரேகையே முதன்மையான சான்று. முகாமில் பேசியவர் திருக்குர்ஆனின் 75ஆம் அத்தியாயத்தில் விரல் நுனிகள் குறிப்பிடப்படுவதை எடுத்துச்சொல்லி, இது நம் மார்க்கத்திற்கு உடன்பாடானதே என்றாராம். அவ்வசனம் இறந்தோரை மீள எழுப்பும் இறையாற்றலைப் பேசுகிறது. பத்தாம் வகுப்பு மாணவனின் கணித ஆற்றலை அதில் தேடுவது வசனத்திற்கும் நீதியன்று, கணிதத்திற்கும் நீதியன்று.

விரல்ரேகை ஆளை அடையாளம் காட்டும் என்பதில் ஐயமில்லை. அதை வகைப்படுத்தும் முறையை வகுத்ததில் காஜி அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இரு இந்தியர்களின் பங்கு பெரிது. 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பிரிவு அமைந்தது அம்முறையைக் கொண்டே. கருவில் சில மாதங்களிலேயே ரேகைகள் உருவாகிவிடுவதால், டவுன் நோய்க்குறி போன்ற பிறவிக் கோளாறுகளில் அவற்றின் அமைப்பு மாறுவதும் உண்மையே. ஆனால் அடையாளம் வேறு, ஆற்றல் வேறு. இன்னாருடைய விரல் இது என்று சொல்ல இயலுவதால், இவ்விரலுக்குரியவருக்கு இசை வரும், கணக்கு வராது என்று சொல்ல இயலும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்த அறிக்கைகள் ஹோவர்டு கார்ட்னர் 1983இல் முன்வைத்த பன்முக நுண்ணறிவுக் கொள்கையைத் தம் அடிப்படையாகக் காட்டுகின்றன. அந்தக் கார்ட்னரே விரல்ரேகைக்கும் தம் கொள்கைக்கும் தொடர்பிருப்பதாகக் காட்டும் சான்று எதையும் தாம் அறியவில்லை என்று கூறிவிட்டார். இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இச்சோதனைக்கு அறிவியல் அடிப்படையில்லை என்று அறிவித்துள்ளது.

ஒரு மாணவன் வழிமாறுவது சிறிய இழப்பன்று. எனினும் பொறியின் தீர்ப்பு ஒருவரைச் சிறைக்கும் அனுப்பக்கூடும். பெங்களூர் நிம்ஹான்ஸில் மருத்துவ உளவியல் துறைத் தலைவராயிருந்த சி.ஆர். முகுந்தன் மூளை மின்னலைச் சோதனை ஒன்றை உருவாக்கினார். மின்முனைகள் பொருத்திய தொப்பியுடன் ஒருவர் கண்மூடி அமர்ந்திருப்பார். குற்றத்தைத் தாம் செய்ததாகவே அமைந்த கூற்றுகள் ஒவ்வொன்றாக ஒலிக்கும். அவர் வாய்திறக்க வேண்டியதில்லை. அச்செயலைச் செய்த அனுபவம் அவருக்குண்டா என்பதை அலைகளைக் கொண்டு மென்பொருள் கூறும். 2008ஆம் ஆண்டு ஜூன் மாதம் புனே நீதிமன்றம் ஒன்று, நஞ்சூட்டிக் கொன்ற வழக்கில் இளம்பெண் ஒருவருக்கும் உடன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் ஆயுள் தண்டனை விதித்தபோது, பிற சான்றுகளோடு இச்சோதனை முடிவையும் ஏற்றது. அதே ஆண்டில் நிம்ஹான்ஸ் இயக்குநர் டி. நாகராஜா தலைமையிலான நிபுணர் குழு இதனை ஆராய்ந்து, நீதிமன்றச் சான்றாகக் கொள்ளும் அளவுக்கு இதற்கு அறிவியல் உறுதி இல்லை என்று பரிந்துரைத்தது. பின்னர் மும்பை உயர் நீதிமன்றம் அப்பெண்ணைப் பிணையில் விடுவித்தது.

2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு என்ற வழக்கில் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான மூவர் அமர்வு, ஒருவரின் இசைவின்றி இத்தகைய சோதனைகளை நடத்துவது அரசமைப்பின் 20(3), 21 ஆகிய உறுப்புகளுக்கு முரண் எனத் தீர்ப்பளித்தது. இசைந்து செய்துகொண்டாலும் சோதனை முடிவு தானே சான்றாகாது. அதன்வழி வேறு பொருளோ தகவலோ கண்டெடுக்கப்பட்டால் அதை மட்டும் ஏற்கலாம் என்பது அதன் நிலை. பூந்தமல்லியில் சிறப்பு நீதிமன்றத்தின் உயர்ந்த மதிலைக் கடந்து பேருந்தில் செல்லுந்தோறும் இத்தீர்ப்பு நம் நினைவுக்கு வருவதுண்டு.

காரணம் கூறாத தீர்ப்பை என்செய்வது என்னும் வினா அரபுக் கல்லூரி மாணவர்க்குப் புதிதன்று. ஹதீஸ் அறிவிப்பாளர்களை ஆராயும் ஜர்ஹ் வ தஃதீல் கலையில், ஒருவரைக் குறைகூறுவோர் அதன் காரணத்தை விளக்க வேண்டுமா என்பது விரிவாக விவாதிக்கப்பட்டுள்ளது. விளக்கவேண்டும் என்போர் காட்டும் நிகழ்ச்சி ஒன்றை கதீபுல் பக்தாதி (ரஹ்) தம் 'அல்-கிஃபாயா'வில் பதிந்துள்ளார்கள். ஷுஅபா (ரஹ்) அவர்களிடம், இன்னாருடைய அறிவிப்பை ஏன் விட்டீர்கள் எனக் கேட்கப்பட்டதாம். அவர் மட்டக்குதிரை ஒன்றை விரட்டி ஓட்டுவதைக் கண்டதாக அவர்கள் விடையளித்தார்கள். காரணம் வெளிப்பட்டதால்தான் அதை எடைபோடக் கேட்டவருக்கு வழி பிறந்தது. இன்னார் நம்பத்தகாதவர் என்று மட்டும் சொல்லப்பட்டிருந்தால் அவ்வறிவிப்பாளரின் பெயர் என்றென்றும் கறைபட்டிருக்கும். முப்பத்திரண்டு பக்க அறிக்கையில் நாம் தேடிய காரணம் எங்கும் கிட்டவில்லை. கடைசிப் பக்கத்தில் சிற்றெழுத்தில், முடிவுகளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற வரி மட்டும் கிடைத்தது.

செயற்கை நுண்ணறிவு என்னும் புதிய நிரல்கள் இப்போது இத்தகைய அறிக்கைகளை எழுதத் தொடங்கியுள்ளன. பழைய நிரலில் வாக்கியக் களஞ்சியமேனும் நிலையாக இருந்தது. எந்தத் தொகைக்கு எந்த வாக்கியம் என்று ஆய்வாளர் எடுத்துச் சரிபார்க்க இயன்றது. புதியது ஒவ்வொருமுறையும் வேறு வாக்கியம் புனைகிறது. அதன் தமிழும் நன்றாகவே இருக்கிறது. ஃபோரர் இன்றிருந்தால் சோதிடப் புத்தகம் வாங்கக் கடைத்தெருவுக்குச் செல்லவேண்டியிராது.

அன்பரிடம் நாம் கேட்கச் சொன்னவை மூன்றே: இவ்வாக்கியங்களை எழுதியவர் யார், எத்தனை தமிழ்ப் பிள்ளைகளிடம் இது சோதிக்கப்பட்டது, கணக்கு வராது என்று இது சொன்ன பிள்ளைகள் பிறகு கணக்கில் எவ்வாறு தேறினர். பையனின் திறன்களை அறிந்தேயாக வேண்டுமெனில், இந்திய மறுவாழ்வுக் குழுவில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரிடம் நேரில் அழைத்துச் செல்லுமாறும் கூறினோம். அன்பர் தொலைபேசியில் முதல் வினாவைக் கேட்டபோதே, எல்லாம் சாஃப்ட்வேர் செய்வது என்ற விடை வந்ததாம். மற்ற இரண்டையும் அவர் கேட்கவில்லை.

ஜூன் மாதத்தில் பையன் டிப்ளமோவில் சேர்ந்தான். பொதுத்தேர்வில் கணிதத்தில் 91 வாங்கியிருந்தான். ஆயினும் முதல் பருவத்தின் உள்தேர்வு ஒன்றில் மதிப்பெண் குறைந்த அன்று, "அதுல அப்பவே சொன்னாங்கல்ல அத்தா" என்றானாம். அறிக்கையை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அன்பரிடம் கேட்டோம். பீரோவில், அவனுடைய பிறப்புச் சான்றிதழோடு இருக்கிறது என்றார்.